கச்சாங்கின் பதினான்காம் வாரம்

பிரிக்ஃபீல்ட்ஸ்
10 ஜூலை 2024, புதன்

மார்க்,

கச்சாங் உன் வீட்டில் இல்லை. நான் கொண்டுவந்து விட்ட மறுநாளிலிருந்தே இல்லை. இரண்டு வாரத்துக்கு மேலாக நீ எனக்குப் பழைய படங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறாய்.

நேற்று வந்த படத்தில் அவள் உன் செருப்பின் மேல் தலை வைத்துப் படுத்திருக்கிறாள். உடம்பு செருப்பைவிடக் கொஞ்சம்தான் நீளம். பதினொரு வாரக் குட்டி அந்த அளவிலேயே நிற்காது. நாய் கிளினிக்கில் வேலை செய்கிறவளுக்கே இந்தப் படத்தை அனுப்புகிறாய். நானே தப்பாகப் பார்க்கிறேனோ என்று மலரை உன் வீட்டுக்கு அனுப்பினேன். என்னோடு வேலை செய்யும் மலர் கிள்ளானிலிருந்துதானே தினமும் வருகிறாள். கேட் பூட்டியிருந்ததாம். எதிர்வீட்டுப் பவுனம்மாள் ஆன்டி வெளியே வந்து சொன்னாராம்: "நாயா? மார்க் வீட்லயா? அத ரெண்டாவது நாளே லோரியில ஏத்திட்டுப் போயிட்டான்லா."

என் அடுக்குமாடியில் நாய் வைக்கக் கூடாது என்று லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆறு வாரத்தில் வேறு வீடு பார்க்கிறேன், அதுவரை அம்மா விட்டுப்போன வீட்டில் இருக்கட்டும் என்று உன்னிடம் கெஞ்சினேன். அங்கே வேலி இருக்கிறது, அண்ணன் இருக்கிறான் என்று நம்பினேன்.

உனக்கு அன்றைக்கே சொன்னேன், மறுபடியும் எழுதுகிறேன். மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம்வரை ஒரு குட்டி எதையெல்லாம் பயமில்லாமல் பார்க்கிறதோ அதெல்லாம்தான் அதற்கு உலகம். பிறகு வரும் புதியதெல்லாம் எதிரி. அதன் பிறகு மாற்ற முடியாது என்றில்லை. ஆனால் வருஷக்கணக்காகும், பல நாய்களுக்கு ஆகவே ஆகாது. கச்சாங்குக்கு ஜூலை 28 அன்று பதினான்கு வாரம்.

உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். வாய்ஸ் மெசேஜில் நீ சிரித்தே தப்பித்துவிடுவாய். எழுது. மலர் காலையில் கொம்யூட்டர் ரயிலில் கொண்டுவந்து தருவாள்.

அவள் எங்கே?

ஜானிஸ்

*

கிள்ளான்
11 ஜூலை

தங்கச்சிக்கு,

நான் கடைசியாகக் கடிதம் எழுதியது ஐந்தாம் படிவப் பரீட்சையில். பத்துக்கு நான்கு போட்டார்கள். நீயும் பார்த்துப் போடு.

கச்சாங் பத்திரமாக இருக்கிறது. எங்கள் யார்டில்தான் இருக்கிறது. நான் காலை ஏழுக்குப் போனால் மாலை ஏழுக்கு வருகிறவன். முதல் நாள் முழுக்க அது தனியாகக் கத்தியிருக்கிறது. பவுனம்மாள் ஆன்டி என்னை கேட்டிலேயே பிடித்துக்கொண்டார். அதனால் கூடவே கூட்டிப் போனேன்.

பழைய இரும்பு யார்டு என்றால் உனக்கு முகம் சுருங்கும், தெரியும். ஆனால் ஃபிரிட்ஜில் நீ ஒட்டி வைத்திருந்தாயே பட்டியல், அதை எடுத்துப் பார். லோரி, ஹெல்மெட், தாடி, மழைக்கோட்டு, வெல்டிங் சத்தம், பேச்சுப் புரியாத மனிதர்கள். நீ ஒரு நாளைக்கு ஒன்றாக டிக் அடித்துக்கொண்டிருந்தாய். இங்கே எல்லாம் ஒரே வாசலில் வருகிறது. இராமலிங்கம் பாஸே "குட்டிக்குச் சாப்பாடு போட்டியா?" என்று கேட்கிறார். என்னை அவர் இதுவரை அப்படிக் கேட்டதில்லை.

படம் பழையதுதான். யார்டுக்குள் ஃபோனில் படம் எடுக்கக் கூடாது. நீ கவலைப்படக் கூடாதே என்று அனுப்பினேன். அது ஒரு குற்றமா?

அண்ணன்

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
12 ஜூலை

மார்க்,

குற்றம்தான்.

பட்டியலைப் பற்றி என்னிடம் பேசாதே. லோரியைப் பார்ப்பது வேறு, லோரிக்குப் பயப்படாமல் இருப்பது வேறு. புதுச் சத்தம் ஒன்று தூரத்தில் கேட்க வேண்டும், கூடவே ஒரு துண்டு கோழி கிடைக்க வேண்டும். பயந்தால் இன்னும் தூரம் போக வேண்டும். இதில் வேறு வித்தை எதுவும் இல்லை. ஒன்பது வாரக் குட்டியை இரும்புக் குவியலுக்கு நடுவில் இறக்கிவிட்டு, எல்லாம் ஒரே வாசலில் வருகிறது என்கிறாய்.

இங்கே அவள் என்ன கற்றுக்கொண்டாள் என்று தெரியுமா? வெள்ளைக் கைத்தடியோடு பார்வையில்லாதவர்கள் நடைபாதையில் வந்தால் சுவரோரம் ஒதுங்கி நிற்பாள். ஆறு வாரக் குட்டி! மோனோரயில் தலைக்கு மேல் போனால் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். எதிர்வீட்டு அமீனா பீவி ஆன்டியை நீ பார்த்திருக்கிறாய், துணிக்கடை வைத்திருப்பவர். நாயின் எச்சில் பட்டால் அவர் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரில். எங்கள் நடைவழியோ இரண்டு பேர் ஒதுங்க முடியாத அகலம். அதனால் நான் கச்சாங்குக்கு முதலில் பழக்கியதே அதுதான். தலையில் துணி போட்ட யாரைக் கண்டாலும் அங்கேயே உட்கார வேண்டும், மூக்கை நீட்டக் கூடாது, அவர் கடந்து போகும்வரை அசையக் கூடாது. நாலாவது நாள் ஆன்டியே கதவுக்குள்ளிருந்து ஒரு நீள இடுக்கியில் அவித்த கோழியை நீட்டிப் போட்டார்.

"நீங்க எதுக்கு ஆன்டி கஷ்டப்படுறீங்க?"

"தொட மாட்டேன்மா. தொடாம பாசம் வைக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

இப்போது தினமும் கேட்கிறார், எங்கே உன் பிள்ளை என்று. ஊருக்குப் போயிருக்கிறாள் என்கிறேன். உன் பொய்க்கு நானும் ஒரு பொய் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று கேள்வி. அவளைக் கட்டி வைத்திருக்கிறார்களா? யார் சாப்பாடு போடுகிறார்கள்? எங்கே படுக்கிறாள்?

ஜானிஸ்

*

கிள்ளான்
15 ஜூலை

ஜானிஸ்,

மூன்று கேள்விக்கும் அப்புறம் வருகிறேன். முதலில் ஒன்று சொல்கிறேன், நீ சிரிப்பாய்.

கச்சாங் வந்த மூன்றாவது நாள் பாஸ் அதைச் சோதித்துப் பார்த்தார். லோரியில் உதவியாளாகப் போகும் ரிஷியைக் கூப்பிட்டு, "தலையில துண்டக் கட்டிக்கிட்டு வேலி ஏறிக் குதிடா, பாப்போம்" என்றார். அவனும் குதித்தான். கச்சாங் ஓடியது. நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ரிஷியின் தலைத்துண்டைப் பார்த்ததும் டப்பென்று உட்கார்ந்துவிட்டது. முதுகு நேராக, பள்ளிக்கூட மாணவத் தலைவர் மாதிரி. அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது, கோழி வரும் என்று. இப்போதுதான் எனக்குக் காரணம் புரிகிறது.

"இது நாயாடா, பேங்க் வாசல்ல நிக்கிற பொண்ணாடா?" என்றார் பாஸ். "திருடன் வந்தா டீயா காப்பியான்னு கேக்கும் போலருக்கு."

யார்டே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். சிரித்து முடித்ததும் பாஸ் என் பக்கம் திரும்பினார். "நீதான கொண்டாந்து குடுத்த? நீயே சரி பண்ணு."

இதற்கு மேல் இன்றைக்கு எழுத வரவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். போன கிறிஸ்மஸுக்கு உன் சிநேகிதிகள் வீட்டுக்கு வந்தபோது, அண்ணன் என்ன செய்கிறார் என்று ஒருத்தி கேட்டாள். நீ "லாஜிஸ்டிக்ஸ்" என்றாய். நான் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும், ஜானிஸ்.

மார்க்

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
17 ஜூலை

மார்க்,

"கொண்டாந்து குடுத்த." கொடுத்தாய். கூட்டிப் போனேன் என்று நீ எழுதியதும் பொய். காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று அவர் கேட்டார், என் குட்டியைத் தூக்கிக் கொடுத்தாய். அதை உன் வாயால் சொல்லாமல், கதை சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்க்கிறாய்.

நேற்று லீவு போட்டுவிட்டு யார்டுக்கு வந்தேன். நீ லோரியோடு பந்திங் போயிருந்தாயாம், நம்பிவிட்டேன் என்றே வைத்துக்கொள். உன் இராமலிங்கம் கேட்டைத் திறக்காமலே பேசினார்.

"யாருமா நீ?"

"மார்க்கோட தங்கச்சி. என் நாய்க்குட்டிய எடுத்துட்டுப் போக வந்தேன்."

"ஓ, கிளினிக் புள்ள! உன் நாயின்னா லைசென்ஸ் காட்டு."

லைசென்ஸ் உன் பேரில் இருக்கிறது. அடுக்குமாடி விலாசத்துக்குத் தரமாட்டார்கள் என்று, வேலியிட்ட வீடு வேண்டும் என்று, நான்தான் வரிசையில் நின்று உன் பேரில் எடுத்தேன். அதை அவர் தெரிந்துகொண்டே கேட்டார். யார் சொன்னது?

"நம்ம பிள்ளைங்களுக்கு நான் ஒருத்தன்தாமா வேலை குடுக்கிறேன்" என்று அதற்குப் பிறகு ஒரு பிரசங்கம் வேறு. பதினொரு வருஷமாக உன்னைக் காண்ட்ராக்டிலேயே வைத்திருக்கும் ஆள் அவர். விரல் நசுங்கியபோது ஆஸ்பத்திரிக்குக்கூட உன்னை மோட்டார் சைக்கிளில் தனியாக அனுப்பிய ஆள். நம்ம பிள்ளைகளாம். நம்மைப் போட்டு மிதிப்பதற்கு நம்ம ஆளே போதும் என்று நீ இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

லாஜிஸ்டிக்ஸ் என்று சொன்னது உண்மை. வெட்கப்பட்டேன். உன்னைப் பார்த்து இல்லை என்று எழுத நினைத்தேன், அதுவும் பொய்யாகிவிடும். உன்னைப் பார்த்தும்தான். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதற்கும் கச்சாங்குக்கும் கணக்கு நேர் செய்யாதே.

யார்டுக்குள் நான் அவளைப் பார்க்கவில்லை. கூப்பிட்டேன். எங்கேயோ தகரம் பிறாண்டும் சத்தம் கேட்டது. எங்கே வைத்திருக்கிறீர்கள்?

ஜானிஸ்

*

கிள்ளான்
19 ஜூலை

ஜானிஸ்,

பின்பக்கத்தில் ஒரு பழைய கன்டெய்னர் இருக்கிறது. அதற்குள்.

யார்டு நாயை எல்லாரும் இப்படித்தான் தயார் செய்வார்களாம், பாஸ் சொன்னார். குட்டியை இருட்டில் வைக்க வேண்டும். மேலே காற்றுக்கு மட்டும் ஒரு ஓட்டை. வெளியே போகிறவன் வருகிறவன் தகரத்தைத் தட்டிவிட்டுப் போக வேண்டும். யாரும் பேசக் கூடாது, முகம் காட்டக் கூடாது. ஒரே ஒரு ஆள் மட்டும் சாப்பாடு போட வேண்டும். அந்த ஒரு கையைத் தவிர மற்ற எல்லாக் கையும் அதற்கு அடி என்று ஆக வேண்டும். ஆறு வாரம். வெளியே வரும்போது தீ மாதிரி வருமாம்.

அந்த ஒரு கை யாருடையது என்று நீ கேட்பாய்.

நான்தான் போடுகிறேன். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. கதவைத் திறந்தால் முதலில் மூலைக்கு ஓடுகிறாள். என் வாசனை தெரிந்ததும் வயிற்றால் ஊர்ந்து வருகிறாள். நான் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு உடனே வெளியேற வேண்டும் என்பதுதான் விதி. நான் உட்கார்ந்துவிடுகிறேன். அவள் சாப்பிடாமல் என் மடியில் ஏறிக்கொள்கிறாள்.

பாஸ் சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் பார்க்கிறார். நிரந்தர வேலை. "நாய ரெடி பண்ணு, நீயும் ரெடியாயிடுவ" என்றார். அவர் கேட்டபோது என் வாய் தானாகவே சரி பாஸ் என்றது. நான் யோசித்து உனக்குத் துரோகம் செய்யவில்லை. யோசிக்கவே இல்லை. எனக்குப் பதினெட்டு வயதிலிருந்து பழக்கம் அது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் காலடிச் சத்தத்துக்காக மட்டும் ஒரு ஜீவன் காத்துக்கொண்டிருப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. அது பிடித்திருக்கிறது. இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

மார்க்

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
20 ஜூலை, சனி

மார்க்,

உன் கடிதத்தை கிளினிக் கழிப்பறையில் நின்று படித்தேன்.

அவள் உன் மடியில் ஏறுவது பாசம் இல்லை. நீங்கள் அவளுடைய உலகத்தில் ஒவ்வொருவராக அழித்துவிட்டு ஒருத்தனை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறீர்கள். அந்த ஒருத்தனாக இருப்பது உனக்குப் பிடித்திருக்கிறதாம். உன் பாஸும் உன்னை அப்படித்தானே வைத்திருக்கிறார்? வேறு யார்டுக்குப் போகவிடாமல், வேறு யாரும் வேலை தரமாட்டார்கள் என்று பதினொரு வருஷமாகத் தகரத்தைத் தட்டிக்கொண்டே. உனக்குச் செய்ததை அவளுக்குச் செய்ய உன்னையே ஆளாகப் போட்டிருக்கிறார். அது உனக்குத் தெரிகிறது. தெரிந்தும் தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறாய்.

செராஸில் தரைவீட்டில் ஓர் அறை கிடைத்துவிட்டது. வீட்டுக்காரர் நாய் வைத்திருக்கிறவர். நாளை விட்டு அடுத்த ஞாயிறு, 28ஆம் தேதி, கிள்ளான் கொம்யூட்டர் ஸ்டேஷன் வாசலில் காலை பத்து மணிக்கு நிற்பேன். மலரின் தம்பி கார் எடுத்து வருகிறான். அவளைக் கொண்டுவா. ஒரு துணியை மூடி, கூடைக்குள் வைத்து, மெதுவாக. உன்னிடம் வேறு எதுவும் கேட்கமாட்டேன். அதற்குப் பிறகு உன்னை அண்ணன் என்று எழுதவும் முயற்சி செய்கிறேன்.

வருவாயா?

ஜானிஸ்

*

கிள்ளான்
24 ஜூலை

ஜானிஸ்,

ஞாயிறு பத்து மணி. வருகிறேன். ஞாயிறு பாஸ் பூசைக்குப் போய்விடுவார், சாவி என்னிடம்தான் இருக்கும். அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குக் கொண்டுபோகும் மூங்கில் கூடை இன்னும் வீட்டில் இருக்கிறது. அதில் கொண்டுவருகிறேன்.

அண்ணன்

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
29 ஜூலை

மார்க்,

பத்து மணிக்கு நின்றேன். பதினொன்றுக்கு மலரின் தம்பி, "அக்கா, ரோட்டுல ஜேம் போலருக்கு" என்றான். ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் யார்டிலிருந்து ஸ்டேஷனுக்கு என்ன ஜேம்? பன்னிரண்டுக்கு மழை பிடித்துக்கொண்டது. உன் நம்பரை அன்பிளாக் செய்து கூப்பிட்டேன். ஏழு தடவை. இரண்டரைக்கு அவன் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அவித்த கோழி ஒரு டப்பா கொண்டுவந்திருந்தேன். அமீனா பீவி ஆன்டி காலையில் எழுந்து செய்து தந்தது. ஸ்டேஷன் பெஞ்சிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

நேற்றோடு அவளுக்குப் பதினான்கு வாரம்.

முதலில் நீ பொய் சொன்னபோது கோபம் மட்டும்தான் வந்தது. இந்தத் தடவை அம்மாவின் கூடையை வைத்து என்னை நம்பவைத்தாய்.

ஜானிஸ்

*

கிள்ளான்
1 ஆகஸ்ட்

ஜானிஸ்,

கூடையை எடுத்துக்கொண்டுதான் போனேன். அதை மட்டும் நம்பு.

ஒன்பதரைக்குக் கன்டெய்னரைத் திறந்தேன். பாஸ் பூசைக்குப் போயிருந்தார், யார்டில் ரிஷி மட்டும். அவளைத் தூக்கிக் கூடையில் வைத்துத் துணி போட்டேன். வாசலுக்கு வந்ததும் வெளிச்சத்தில் நடுங்க ஆரம்பித்தாள். ரிஷி "அண்ணே, எங்க கொண்டு போறீங்க?" என்று பக்கத்தில் வந்தான். துணிக்குள்ளிருந்தே பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். விடவே இல்லை. நான்தான் தாடையைப் பிரித்தேன். நான் தொட்டதும் விட்டாள்.

அவளை மறுபடி கன்டெய்னருக்குள் விட்டுப் பூட்டிவிட்டு ரிஷியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அதற்குள் பாஸுக்குத் தகவல் போய்விட்டது. மூன்று தையல். நான் திட்டு வாங்கப் போகிறேன் என்று நினைத்தேன். அவர் என் தோளில் தட்டிக்கொடுத்தார். திங்கட்கிழமை சூப்பர்வைசர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் மணி பன்னிரண்டாகிவிட்டது. உன் அழைப்பு வந்துகொண்டே இருந்தது. என்ன சொல்வது? கடித்துவிட்டாள் என்றா? என்னால்தான் கடித்தாள் என்றா? ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் இனி உன் நாய் இல்லை, ஜானிஸ். உன்னிடம் வந்தால் உன்னைக் கடிப்பாள், செராஸ் வீட்டுக்காரரைக் கடிப்பாள், யாராவது புகார் கொடுப்பார்கள், ஊசி போட்டுவிடுவார்கள். இங்கே இருந்தால் உயிரோடாவது இருப்பாள். விட்டுவிடு. வேறு குட்டி வாங்கித் தருகிறேன்.

மார்க்

*

செராஸ்
12 ஆகஸ்ட்

மார்க்,

வேறு குட்டியா.

அந்த வரியைப் படித்துவிட்டு நான் பத்து நாள் எழுதவில்லை. நேற்று அமீனா பீவி ஆன்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊருக்குப் போயிருக்கிறாள் என்ற பொய்யையும். அவர் திட்டவில்லை. "நாளைக்குக் கடைய மூடிடுறேன். வா, போவோம்" என்றார். இன்று இரண்டு பேரும் கொம்யூட்டரில் வந்தோம். அறுபத்திரண்டு வயதுக்காரர், வெயிலில், உங்கள் யார்டுச் சாலையில் முக்கால் மணி நேரம் நடந்தார்.

நீ எங்களைப் பார்த்தாய். ஆஃபீஸ் கண்ணாடிக்குப் பின்னால் நின்றாய், புது நீலச் சட்டையில். வெளியே வரவில்லை.

கச்சாங்கை கேட்டுக்குப் பக்கத்தில் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். ஏழு வாரத்தில் எவ்வளவு வளர்ந்துவிட்டாள். அவள் பெயரைச் சொன்னேன். சங்கிலி தெறிக்கப் பாய்ந்தாள். பல் கம்பியில் மோதிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஐந்து வாரம் என் வயிற்றின் மேல் தூங்கிய குட்டிக்கு என் வாசனை தெரியவில்லை. நீ எழுதியது சரிதான் என்று நினைத்தேன். திரும்பிவிட்டேன்.

ஆன்டி திரும்பவில்லை. எனக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்து நின்றார், தலையில் எப்போதும் போடும் அந்தப் பச்சைத் துணியோடு. கச்சாங் குரைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிறுத்தினாள். உடம்பெல்லாம் நடுங்கியது, வாயில் நுரை, தொண்டைக்குள் உறுமல். அப்படியே உட்கார்ந்தாள். மூக்கை நீட்டவில்லை. அசையவில்லை. ஆன்டியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆன்டி பையிலிருந்து இடுக்கியை எடுத்தார். இடுக்கியைக் கொண்டுவந்திருந்தார் என்று எனக்கே தெரியாது. கம்பிக்குள் கோழியை நீட்டிப் போட்டார். "சாப்பிடு புள்ள" என்றார். அவள் சாப்பிட்டாள். பிறகு மறுபடியும் உட்கார்ந்தாள். அப்போதுதான் உன் பாஸ் தகரத்தைத் தட்டிக்கொண்டு வந்தார், எங்களைப் போகச் சொன்னார்.

நீ கண்ணாடிக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் பார்த்தாய். அதனால் இனி உனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. வருஷக்கணக்காகும், என்னைக் கடிப்பாள், எல்லாம் தெரியும். கிளினிக்கில் டாக்டரிடம் பேசிவிட்டேன், வாய்க்கூடை வாங்கிவிட்டேன், வீட்டுக்காரரிடமும் மறைக்கவில்லை. லைசென்ஸ் உன் பேரில். சாவி உன்னிடம். அவள் வருவதும் ஒரே ஒரு கைக்குத்தான், அதையும் நீங்களே அப்படிச் செய்து வைத்திருக்கிறீர்கள். சட்டத்துக்கும் பூட்டுக்கும் அவளுக்கும் நீ ஒருத்தன் போதும்.

இந்த ஞாயிறு நான் யார்டு வாசலுக்கே வருகிறேன். கேட்டை எத்தனை மணிக்குத் திறப்பாய்? காரணம் எழுதாதே. மணியை மட்டும் எழுது.

ஜானிஸ்

*

செராஸ்
16 ஆகஸ்ட், வெள்ளி

மார்க்,

நாலு நாளாக மலர் வெறுங்கையோடு வருகிறாள். கடிதத்தை உன் கையிலேயே கொடுத்தாளாம். நீ அவள் எதிரிலேயே படித்தாயாம், மடித்து அந்த நீலச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாயாம்.

எத்தனை மணிக்கு?